அயலூர்ச் சாலையில் அபராதச் சீட்டு

விடுமுறை முடிந்து திரும்பும் நம்மவருள் பலர் பெட்டி படுக்கையோடு ஒரு மோட்டார் சைக்கிளையும் ஊரிலிருந்து கொண்டு வருகின்றனர். ரயிலில் ஏற்றி வருவோரும் உண்டு. கிருஷ்ணகிரி வழியாக ஓட்டியே வந்து சேருவோரும் உண்டு. ஓசூரைக் கடந்து ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளியில் கன்னடப் பலகைகள் தொடங்கிவிடுகின்றன. சாலை அதே சாலைதான். ஆயினும் அதுவரை யார் கண்ணையும் உறுத்தாத 'டி.என்.' என்னும் இரண்டு எழுத்துகள், எலெக்ட்ரானிக் சிட்டிக்குள் நுழையும்போது வண்டிக்கு ஓர் ஊர்ப்பெயர் போலாகிவிடுகின்றன.

இங்கே நீலாத்ரி ரோட்டை அடுத்த விடுதிகளில் நம் மாணவர் கூடும் போதெல்லாம் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "நமது வண்டி தமிழ்நாட்டு வண்டி, பெங்களூர்க் காவலர் போடும் அபராதம் நம்மைக் கட்டுப்படுத்துமா?" கட்டுப்படுத்தாது என்று அடித்துச் சொல்பவர் ஒருவர் இருப்பார். "தமிழ்நாட்டு எண்ணைக் கண்டாலே பிடிக்கின்றார்கள்; கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்துவிடு" என்று அறிவுரை கூறுபவர் மற்றொருவர் இருப்பார். இருவர் சொல்வதும் தவறு. முதல் கூற்று பணத்திற்குக் கேடு. இரண்டாவது கூற்று பணத்திற்கும் மானத்திற்கும் கேடு. சலான் என்பது என்ன, அது எப்படிப் பிறக்கின்றது, எங்கே போய்ச் சேருகின்றது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

சட்டம் ஒன்றே என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இந்தியா முழுமைக்கும் உரியது. திருநெல்வேலியில் எடுத்த லைசென்ஸ் பெங்களூரில் செல்வது அதனால்தான். பெங்களூரில் பிறந்த சலான் திருநெல்வேலி வரை துரத்தி வருவதும் அதனால்தான். 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு அபராதத் தொகைகள் பன்மடங்கு உயர்த்தப்பட்டன. ஆனால் நீதிமன்றம் போகாமல் பணம் கட்டிச் சமாதானமாகத் தீர்த்துக்கொள்ளும் தொகையை அந்தந்த மாநிலம் முடிவு செய்துகொள்ளலாம். அதனால்தான் தொகை ஊருக்கு ஊர் மாறுகின்றது. தலைக்கவசம் இல்லாமல் ஓட்டினால் மத்தியச் சட்டம் சொல்வது 1000 ரூபாய். கர்நாடகம் 2019 செப்டம்பரிலேயே அதை 500 ஆகக் குறைத்துக்கொண்டது. தமிழ்நாடு 2022 அக்டோபர் ஆணைப்படி 1000 ரூபாயே வாங்குகின்றது. ஓசூரில் ஆயிரம் கொடுக்கும் குற்றத்திற்கு இங்கே ஐந்நூறு என்று மகிழ்ந்துவிட வேண்டாம். மூன்று மாதம் லைசென்ஸை முடக்கவும் அந்தப் பிரிவில் இடமுண்டு. பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும் என்பது நம் தோழர்கள் பெரிதும் மறந்துபோகும் செய்தி.

சலான் இரு வழிகளில் வருகின்றது. சாலையில் நிறுத்திக் கையில் கொடுப்பது ஒன்று; காமிரா பிடித்துக் காகிதமாகவோ கைப்பேசிச் செய்தியாகவோ அனுப்புவது மற்றொன்று. முதலாவதைக் கண்டு நாம் மிகவும் அஞ்சுகின்றோம். உண்மையில் அஞ்ச வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

சாலையில் நிறுத்தப்பட்டால் செய்ய வேண்டியவை சிலவே. வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, இறங்கி நிற்க வேண்டும். சீருடையில் உள்ள காவல் அலுவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்டுவது சட்டப்படி நம் கடமை. ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றையும் கேட்பர். இவற்றை எல்லாம் பையில் சுமக்க வேண்டியதில்லை. டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆகிய அரசுச் செயலிகளில் உள்ள பத்திரங்களை அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2018-இல் மாநிலங்களுக்குத் தெரிவித்துவிட்டது. அசலைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்திருப்பது வேறு, அச்செயலிகளில் உள்ள பத்திரம் வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டும். முன்னதற்கு மதிப்பில்லை.

கண்ணுக்குத் தெரியும் குற்றம் எதுவும் இல்லாதபோது, பத்திரம் பார்ப்பதற்காக மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது என்று 2022 ஜூனில் அப்போதைய கர்நாடகக் காவல்துறைத் தலைவர் பிரவீன் சூத் வெளிப்படையாக அறிவித்தார். குடித்து ஓட்டுவோரைப் பிடிக்கும் சோதனைக்கு மட்டும் விலக்களித்தார். இதனை அறிந்திருப்பது நல்லது. நடுச்சாலையில் இதனை வைத்து வழக்காடுவது நல்லதன்று. மேம்பாலத்தின் கீழே செல்லும் சாலையில் ஒருமுறை என்னையும் நிறுத்தினார்கள். கைப்பேசியில் மூன்று பத்திரங்களையும் காட்டினேன். "ஹோகி" என்றார் காவலர். இரண்டு நிமிடந்தான் ஆயிற்று.

மொழி அச்சம் நம்மிடையே பெரிது. அந்த அச்சத்திற்கு அடிப்படையே இல்லை என்று சொல்லவும் மாட்டேன். 2016 செப்டம்பரில் காவிரிப் பூசலின்போது தமிழ்நாட்டு எண் தாங்கிய பேருந்துகளும் லாரிகளும் இந்நகரில் எரிக்கப்பட்டதை நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்கவில்லை. ஆனால் அது ஒரு கொந்தளிப்பின் கதை. அன்றாடச் சாலையின் கதையன்று. சாலைக் கன்னடமோ நமக்கு மிக எளிது. வலம் என்பது அங்கே 'பல'. 'பலக்கெ' என்றால் வலப்பக்கம். 'எடக்கெ' என்றால் இடப்பக்கம். 'நில்லிசி' என்றால் நிறுத்துங்கள். 'ஏகமுக சஞ்சார' என்னும் பலகை ஒருவழிச் சாலையைக் குறிக்கும். 'சாலனா பரவானகி' லைசென்ஸ், 'விமெ' இன்ஷூரன்ஸ். அபராதத்தை அவர்கள் 'தண்ட' என்கின்றனர். நாமும் தண்டம் என்ற சொல்லை வைத்திருக்கின்றோம். ஆனால் தண்டச் சோற்றுக்கே அதை ஒதுக்கிவிட்டோம்! எல்லாவற்றிலும் முக்கியமான சொல் 'ரசீதி'. பணம் கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும். ரசீதில் வண்டி எண்ணும் குற்றமும் தொகையும் நாளும் இருக்க வேண்டும். ரசீதில்லாமல் கொடுத்த பணம் அபராதம் ஆகாது. கையில் பணமில்லை என்றாலும் கலங்க வேண்டியதில்லை. சலானைப் பெற்றுக்கொண்டு பின்னர்க் கட்டலாம்.

இனிக் காமிராவுக்கு வருவோம். இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே சற்று நின்றுதான் போவேன்.

2022 டிசம்பரில் பெங்களூரின் 50 சந்திப்புகளில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கப்பட்டது. எண் பலகையைப் படிக்கும் காமிராக்கள் 250. சிவப்பு விளக்கை மீறுவோரைப் பிடிக்கும் காமிராக்கள் 80. இவை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. படத்தில் எண் பலகை உள்ள இடத்தைக் கணிப்பொறி முதலில் தேடிப் பிரித்தெடுக்கின்றது. பிறகு எழுத்தெழுத்தாக வெட்டிப் படிக்கின்றது. எண் பலகைகள் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் பூச்சுடையவை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் இருட்டிலும் பலகை பளிச்சென்று தெரியும். வண்டியும் ஆளும் மங்கி நிற்பர். காமிராவுக்கு நாம் தமிழரா கன்னடரா என்பது தெரியாது. அது பார்ப்பது ஒரு நீள்சதுரத்தை.

வேகத்தை அளப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. ரேடார் முறையில் ரேடியோ அலை வண்டியில் பட்டுத் திரும்புகின்றது. எதிரே வரும் ரயிலின் ஊதல் ஒலி உயர்ந்து கேட்பது போல, எதிர்வரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று உயர்கின்றது. வினாடிக்கு 2400 கோடி அதிர்வுகள் உள்ள அலையை அனுப்பினால், மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அதனை ஏறக்குறைய 2670 அதிர்வுகள் கூட்டித் திருப்பும். கோடிகளில் சில ஆயிரம்! அதையும் அளந்துவிடுகின்றார்கள். லேசர்த் துப்பாக்கியோ ஒளித்துடிப்புகளை அனுப்பி அவை திரும்பும் நேரத்தை அளக்கின்றது. 300 மீட்டரில் உள்ள வண்டிக்குப் போய்த் திரும்ப ஒளிக்கு ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு போதும். அடுத்தடுத்த துடிப்புகளில் அந்நேரம் எவ்வளவு குறைகின்றது என்பதிலிருந்து வேகம் கிடைக்கின்றது.

"கருவி பக்கவாட்டில் நின்று பார்த்தால் தவறான வேகம் காட்டாதா?" என்று கேட்கலாம். காட்டும். ஆனால் அந்தத் தவறு நமக்குச் சாதகமானது. வண்டி செல்லும் கோட்டிற்கு 20 பாகை சாய்வில் நின்று பார்த்தால் 60 என்பது ஏறக்குறைய 56 என்றுதான் தெரியும். ஆகவே கோணத்தைக் காட்டி வழக்காட முற்படும் அறிவியல் மாணவர்கள் சைன், கொசைன் பாடத்தை ஒருமுறை புரட்டிவிட்டுச் செல்வது நலம்.

சிவப்பு விளக்கைப் பற்றியும் ஒரு சிறு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்பவர் மஞ்சளைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகும். அதற்குள் வண்டி 11 மீட்டர் போய்விடும். மிதமாகப் பிரேக் போட்டு நிற்க மேலும் 21 மீட்டர் வேண்டும். மொத்தம் 32 மீட்டர். ஓசூர் ரோட்டில் முன்செல்லும் லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு செல்பவருக்கு விளக்கே தெரிவதில்லை. 32 மீட்டருக்கு எங்கே போவார்?

எண் பலகையைப் பற்றிச் சொல்லும்போது நம்மவர் மனம் வருந்தக்கூடிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் பற்றினால் வண்டி எண்ணைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கும் தோழர்கள் சிலர் உள்ளனர். மத்திய மோட்டார் வாகன விதிகள் ஆங்கில எழுத்தையும் நாம் வழங்கும் 1, 2, 3 என்னும் இலக்கங்களையும் தவிர வேறெதையும் பதிவெண்ணாக ஏற்பதில்லை. கன்னடத்தில் எழுதினாலும் கதி இதுவே. காமிரா அதைப் படிக்காமல் விட்டுவிடலாம், காவலர் விடமாட்டார். தமிழ்ப் பற்றைக் காட்ட நம் சங்கத்தின் மேடை இருக்கின்றது. பெட்ரோல் டாங்கின் மேல் இடமும் இருக்கின்றது.

காமிராச் சலானுக்கு அஞ்ச வேண்டும் என்று மேலே சொன்னேனே, அதன் காரணம் இனித்தான் வருகின்றது. சாலையில் கொடுத்த சீட்டு நம் கையில் இருக்கும். காமிரா பிடித்த சீட்டு நம்மைத் தேடி வருவதில்லை. வண்டியின் சொந்தக்காரரைத் தேடிச் செல்கின்றது. பதிவேட்டில் உள்ள பெயர், பதிவேட்டில் உள்ள முகவரி, பதிவேட்டில் உள்ள கைப்பேசி எண் இவைதாம் அதற்குத் தெரியும். நம்மில் பெரும்பாலோரின் வண்டி யார் பெயரில் இருக்கின்றது? தந்தையின் பெயரில், சிலருக்கு அண்ணன் பெயரில், வேறு சிலருக்கோ, பழைய வண்டி வாங்கியதால், முன்பின் அறியாத ஒருவர் பெயரில்!

என் அறைத்தோழர் ஒருவரின் ஊர் தென்காசிப் பக்கம். வண்டி அவருடைய தந்தை பெயரில் உள்ளது. பதிவேட்டில் உள்ள கைப்பேசி எண்ணோ, எப்போதோ தொலைந்துபோன ஒரு சிம்முக்கு உரியது. ஓராண்டில் ஏழு சலான்கள் சேர்ந்துவிட்டன. பின்னால் அமர்ந்தவருக்குத் தலைக்கவசம் இல்லை என்பதற்கே ஐந்து. தோழருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் அவர் ஊர் வீட்டிற்குக் கன்னடத்தில் அச்சிட்ட கடிதம் ஒன்று வந்தது. அவ்வூரில் அதைப் படிப்பார் இல்லை. முத்திரையையும் மகன் ஓட்டும் வண்டியின் எண்ணையும் கண்ட தந்தை, பையன் யாரையோ மோதிவிட்டான், இது கோர்ட்டு நோட்டீஸ் என்று முடிவு கட்டிவிட்டார். தொலைபேசியில் கேட்டால் மறைப்பான் என்று எண்ணி, நெல் அறுவடையை அப்படியே விட்டுவிட்டு இரவு பஸ் ஏறிவிட்டார். காலையில் எலெக்ட்ரானிக் சிட்டியில் வந்து இறங்கியவர் மகனைக் கண்டதும் கேட்டது, "ஏல, யாருக்குல என்ன ஆச்சு? உசிரோட இருக்காங்களா?" என்பதுதான். சீட்டில் இருந்தது தலைக்கவசத்திற்கு ஐந்நூறு ரூபாய். அன்று அவர் முகத்தில் கண்ட களைப்பை நான் மறக்க முடியாது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

ஆதலின் நண்பர்களே, வேறெதைச் செய்யாவிட்டாலும் இந்த வாரமே ஒன்றைச் செய்யுங்கள். பரிவாகன் தளத்தில் உங்கள் வண்டியின் பதிவில் எந்தக் கைப்பேசி எண் உள்ளது என்று பாருங்கள். பழைய எண் என்றால் மாற்றுங்கள். தந்தையின் பெயரில் உள்ள வண்டிக்கு அவருடைய ஆதாரும் ஆர்.சி. புத்தகமும் தேவைப்படும், விடுமுறையில் ஊர் செல்லும்போது அவரருகே அமர்ந்து செய்துவிடலாம். பிறகு மாதம் ஒருமுறை பாக்கி உண்டா என்று பார்த்து வாருங்கள். பரிவாகன் சலான் பக்கத்தில் வண்டி எண்ணோடு சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கேட்கும். பெங்களூர்ப் போக்குவரத்துக் காவல்துறைக்குத் தனிப் பக்கமும் உண்டு. இரண்டையும் பார்ப்பது நலம்; ஒன்றில் தோன்றாதது மற்றொன்றில் தோன்றக்கூடும். பணத்தை இணையத்திலும் கட்டலாம். பெங்களூர் ஒன் மையங்களிலும் போக்குவரத்துக் காவல் நிலையங்களிலும் நேரில் கட்டலாம்.

கட்டுவதற்கு முன் படத்தைப் பார்க்க வேண்டும். இதை வலியுறுத்திச் சொல்கின்றேன். 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் கணிப்பொறி படித்துவிடுவது உண்டு. படத்தில் உள்ளது உங்கள் வண்டிதானா? நிறம் அதுதானா? அந்த நாளில் நீங்கள் பெங்களூரில் இருந்தீர்களா? வேறொருவர் உங்கள் எண்ணை எழுதிக்கொண்டு திரிகின்றார் என்றால் அபராதம் ஒரு பொருட்டன்று; நாளை அந்த வண்டி ஒரு விபத்தில் சிக்கினால் தேடி வருவது உங்கள் வீட்டிற்குத்தான். அத்தகைய சீட்டை ஐந்நூறுதானே என்று கட்டித் தொலைப்பது அறிவுடைமை ஆகாது. படத்தின் பிரதி, உங்கள் வண்டியின் படம், அன்று வேறிடத்தில் இருந்ததற்கான சான்று (வகுப்பு வருகைப் பதிவு, ரயில் டிக்கெட்டு போன்றவை) ஆகியவற்றோடு போக்குவரத்துக் காவல்துறைக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். சீட்டு இணைய நீதிமன்றத்திற்குச் சென்றுவிட்டிருந்தால், அங்கே ஒப்புக்கொண்டு கட்டவும் வழக்காடவும் இரண்டு வழிகள் காட்டப்படும். வழக்காடுவதைத் தேர்ந்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்திற்கு அனுப்பப்படும். காமிராவின் அறிவிப்பு குற்றம் நடந்த பதினைந்து நாட்களுக்குள் அனுப்பப்பட வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசு விதி வகுத்தது. அறிவிப்பில் நாளையும் அனுப்பிய நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மறுப்புக் கூற எத்தனை நாள் என்பதும் அறிவிப்பிலேயே இருக்கும், அந்நாளைத் தவறவிடாதீர்கள்.

"பாதித் தள்ளுபடி வரும், அதுவரை பொறுப்போம்" என்பது நம் விடுதியில் நிலவும் பொருளாதாரக் கொள்கை. அதற்கும் காரணம் உண்டு. 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு பழைய பாக்கிகளுக்குப் பாதித் தள்ளுபடி அறிவித்தது. சில நாட்களிலேயே பெங்களூரில் மட்டும் நூறு கோடி ரூபாய்க்கு மேல் வந்து குவிந்தது. அதன் பின்னும், 2025 ஆகஸ்டு, செப்டம்பர் உட்பட, இத்தகைய சலுகை திரும்பத் திரும்ப அளிக்கப்பட்டுள்ளது. ஆனால் அடுத்தது எப்போது வரும், எந்த ஆண்டுப் பாக்கிக்கு வரும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 250 ரூபாயை மிச்சப்படுத்தக் காத்திருப்பவர் வண்டியை விற்கவோ ஊருக்கு மாற்றவோ முனையும்போது பாக்கி குறுக்கே நிற்கும். ஒழுங்காக உடனே கட்டியவனை அரசே முட்டாளாக்கும் இச்சலுகை எனக்கு உவப்பானதன்று. அது வேறு செய்தி.

சலான் பெயரால் நடக்கும் மோசடியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். வாட்சாப்பில் 'உங்கள் வண்டிக்கு அபராதம்' என்று ஒரு செய்தியும் அதனோடு 'ஏ.பி.கே.' என்று முடியும் கோப்பும் வந்தால் அதைத் தொடாதீர்கள். திறந்தால் கைப்பேசியில் உள்ள செய்திகளும் வங்கிக் கணக்கும் திருடர் கைக்குப் போய்விடும். அரசுத் தளங்களின் முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும். செய்தியில் உள்ள இணைப்பை அழுத்தாமல் நீங்களே அத்தளத்திற்குச் சென்று பாருங்கள்.

எல்லை தாண்டி வரும் வண்டியிடம் தண்டம் வாங்குவது உலகெங்கும் உள்ள சிக்கல்தான். ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் வண்டியோட்டிச் செல்லும் மலேசியத் தமிழர் பலர். அபராதப் பாக்கியுள்ள அயல்நாட்டு வண்டிகளை உள்ளே விட மறுக்கலாம் என்று சிங்கப்பூர் 2019 ஏப்ரல் 1 முதல் வகை செய்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2015-இல் ஒரு நெறிமுறை இயற்றி, வண்டி எண்ணைக் கொண்டு சொந்தக்காரரின் பெயர் முகவரியைத் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. நமக்கோ நாடும் ஒன்று, சட்டமும் ஒன்று, இன்று வண்டிப் பதிவேடும் ஏறத்தாழ ஒன்று. தப்பிப்பதற்கு எல்லையே இல்லை.

இறுதியாக, நீண்ட நாள் தங்குவோருக்கு ஒரு செய்தி. வேறு மாநிலத்தில் வண்டியை 12 மாதத்திற்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும் என்கின்றது சட்டத்தின் 47-ஆம் பிரிவு. 30 நாள் தங்கினாலே வாழ்நாள் வரி என்று கர்நாடகம் 2014-இல் கொண்டுவந்த திருத்தத்தை இம்மாநில உயர் நீதிமன்றம் 2016-இல் செல்லாது என்றது. ஆகவே முப்பது நாள் கணக்கைச் சொல்லி யாரேனும் மிரட்டினால் நடுங்க வேண்டாம். பன்னிரண்டு மாதக் கணக்கை மறக்கவும் வேண்டாம். வண்டி வாங்கிய நாளும் இங்கு வந்த நாளும் தெரியும்படி ரயில் பார்சல் ரசீது, சுங்கச்சாவடிச் சீட்டு போன்றவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பதிவை மாற்றுவதானால் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்கி வந்து, இங்கே 'கே.ஏ. 51' எண் வழங்கும் எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் வரி கட்டிப் பதிய வேண்டும். ஊரில் கட்டிய ஆயுள் வரியில் எஞ்சியதைத் திரும்பக் கேட்கலாம். ஈராண்டுப் படிப்புக்கு வந்தவருக்கு இது பெருஞ்செலவு. 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோவின் மஞ்சள் தடம் எலெக்ட்ரானிக் சிட்டி வழியே ஓடுகின்றது. இவ்வாண்டு புதிதாக வந்திருக்கும் தம்பிமார் ஊரிலிருந்து வண்டியை வரவழைக்கும் முன் ஒரு மாதம் அதில் போய்வந்து பார்க்கலாம். வரவழைத்தே தீர்வது என்றால், பதிவேட்டில் உள்ள கைப்பேசி எண்ணை முதலில் பாருங்கள்.